கோலும் நிழலும் கடலும்



பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைச் சுவைபடக் கற்பிப்பது எப்படி என்பது இன்றைய பேச்சின் பொருள். கற்பிப்பது உபாத்தியாயரின் கடமை, பெற்றோராகிய எமக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இவ்வெண்ணம் மிகுதி. பிள்ளைகளுள் பலர் பள்ளியில் பயில்வது இந்தியில், அல்லது ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவதோ தமிழ். "அந்தப் பாடமெல்லாம் நமக்கு எட்டாது" என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். விஞ்ஞானம் பரீட்சைக்கு உரியது, வீட்டில் அதற்கு இடமில்லை என்று பிள்ளைகளும் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு எத்துணைத் தவறானது என்பதை அந்தமானிலுள்ள பாம்பூஃப்ளாட் என்னும் ஊரைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தெற்கு அந்தமானில், துறைமுகத்து நீர்ப்பரப்புக்கு ஒரு கரையில் போர்ட் பிளேர் நகரம் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. எதிர்க்கரையில் இருப்பது பாம்பூஃப்ளாட். சாத்தாமிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் அங்கே இறங்கலாம். இவ்வூரில் விஞ்ஞானம் கற்பிக்க ஒரு நேரான கோலும் ஒரு கடிகாரமும் போதும்.

கோலைச் சமதரையில் செங்குத்தாக நாட்டுங்கள். அது சாயாமல் நிற்கிறதா என்பதை நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நிழலின் நுனியைக் காலைமுதல் கால் மணிக்கு ஒருமுறை புள்ளியிட்டு வரும்படி குழந்தையிடம் சொல்லுங்கள். சூரியனை நேராக நோக்கலாகாது. நிழலை மட்டும் நோக்கினால் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு நிழல் சுருங்குவதும் நீள்வதுமே பெரிய வேடிக்கை. பத்து வயதுப் பிள்ளை வேறொன்றைக் கண்டுபிடிக்கும். நிழல் மிகவும் குறுகும் நேரம் பன்னிரண்டு மணி அன்று. பதினொன்றேகால் மணியை ஒட்டிய ஏதோ ஒரு நேரம்! "உச்சிவேளை ஏன் இவ்வளவு முந்தி வருகிறது?" என்று அது கேட்கும். அப்பொழுது விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். கடலூரிலோ சேலத்திலோ இருக்கும் பாட்டனாருக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

கடலூரும் சேலமும் பாம்பூஃப்ளாட்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்தவை. ஆகவே ஏப்ரல் 20, 21 தேதிகளை ஒட்டியும், ஆகஸ்டு 22 ஆம் தேதியை ஒட்டியும், இம்மூன்று ஊர்களிலும் உச்சிப்பொழுதில் செங்குத்தான கோலுக்கு நிழலே விழாது. ஆகஸ்டில் மேகம் மறைக்கக்கூடும். ஏப்ரலே ஏற்ற காலம். அன்று பாம்பூஃப்ளாட்டில் பேரன் ஒரு கோலை நாட்டட்டும். கடலூரில் பாட்டனார் மற்றொன்றை நாட்டட்டும். பேரனுடைய கோலின் நிழல் சுமார் 11 மணி 18 நிமிடத்தில் மறையும். பாட்டனாருடையது சுமார் 12 மணி 10 நிமிடத்தில் மறையும். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான்; சூரியனோ கிழக்கே இருப்பவரின் தலைக்குமேல் முன்னதாகவே வந்துவிடுகிறது.

உயர்வகுப்பு மாணவர் இன்னும் ஒரு படி ஏறலாம். இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 52 நிமிடம். பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். இந்த அட்சரேகையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர் என்று கணக்காகும். 52 ஐ 27 ஆல் பெருக்கினால் 1,400 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பேரனுக்கும் பாட்டனாருக்கும் இடையே விரிந்துள்ள வங்கக் கடலை இரண்டு கோல்கள் அளந்துவிட்டன!

அடுத்த பாடத்தைக் கடலே நடத்துகிறது. படகுத்துறைத் தூணில் நீர் ஏறி நிற்கும் உயரத்தையும் நேரத்தையும், பெரியவர் ஒருவர் துணையுடன் நாள்தோறும் குறித்துவரச் செய்யுங்கள். இன்றைய ஏற்றத்தைவிட நாளைய ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். "வானத்தில் இதேபோல நாள்தோறும் பிந்தி வருபவர் யார்?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கழிந்தாலும் கவலையில்லை. பிள்ளையே சந்திரனைக் கண்டு சொல்லட்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிகுவதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அறிவார். அங்கே பாட்டி உபாத்தியாயர் ஆகிவிடுகிறார். வீட்டுத் தமிழ் விஞ்ஞானத்துக்குப் போதாது என்று அஞ்சவும் வேண்டா. பெ. நா. அப்புசுவாமி அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் விஞ்ஞானத்தை எழுதி, அது முடியும் என்பதைக் காட்டிச் சென்றிருக்கிறார்.

இவை வெறும் பொழுதுபோக்கல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. தூணில் நீரளவைக் குறிக்கும் பழக்கம் உடையவருக்கு, நிலம் தாழ்ந்த செய்தியை அத்தூணே கூறிவிடும்.

அன்று சுனாமி அலைகள் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி இருந்தாள். கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்து வருவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் படித்த சுனாமிப் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் வற்புறுத்திச் சொன்னாள். கரையில் இருந்தோர் விலகித் தப்பினர். நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான தெரஸ்ஸாவில் துறைமுக ஊழியர் ஒருவர், முன்பு தொலைக்காட்சியில் சுனாமி பற்றிய படம் ஒன்றைக் கண்டிருந்தார். நிலம் அதிர்ந்தவுடன் அது நினைவுக்கு வர, ஊராரை மேட்டுக்கு ஓடச் செய்தார். ஒருவர் சிறுமி, மற்றவர் வயது வந்தவர். இருவரும் கற்றதைக் கண்ணெதிரே கண்டதோடு பொருத்திப் பார்த்தனர். அந்தப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் தேர்வுத்தாளுக்காக மனப்பாடம் செய்வதால் வருவதன்று; அன்றாடம் கண்டு, குறித்து, கேட்டுப் பழகுவதால் வருவது.

கடலோரத்தில் வாழும் நேயர்கள் இன்றே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். நிலம் வலுவாகவோ நெடுநேரமோ அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும். கடல் உள்வாங்காமலும் அலை வரக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடலில்லாத ஊரில் வாழ்பவருக்கும் வெயில் உண்டு, நிழல் உண்டு, தாயகத்தில் உறவினர் உண்டு. வருகிற விடுமுறை நாளில் ஒரு கோலை நாட்டுங்கள். பிள்ளை கேட்கும் முதற் கேள்விக்கு "தெரியாது, வா, பார்ப்போம்" என்று தமிழில் விடை கூறுங்கள்.