தொலைமருத்துவமும் நமது சமுதாயமும்
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





நமது சங்கம் தொடங்கிய நாளில் ஊருக்கு ஒரு வார்த்தை பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். பிள்ளையின் நிக்காஹ் பேச்சுவார்த்தை கூட அதில்தான் நடக்கிறது. ஆனால் "டாக்டரையும் அதில் பார்க்கலாம்" என்றால், "கை வைத்துப் பார்க்காத வைத்தியம் ஒரு வைத்தியமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

தொலைமருத்துவம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. பல்லூடகப் பெருவழித் திட்டம் பேசப்பட்ட காலத்திலேயே, 1997-இல், தொலைமருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், அதை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், வெளிநாட்டு மருத்துவர் இங்குள்ளவருக்கு இவ்வழியில் சிகிச்சை அளிக்கச் சான்றிதழ் பெற வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். ஆனால் நிறைவேறிய சட்டம் ஆண்டுக்கணக்கில் அமலுக்கு வராமல் கிடந்தது. மக்களுக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை.

தெரியவைத்தது கொரோனா. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மைசெஜாத்ரா நம் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. தனியார் கிளினிக்குகள் காணொளியில் நோயாளிகளைப் பார்த்தன. நோய் கண்டு வீட்டில் தனித்திருந்தவர்கள் தங்கள் நிலையைக் கைப்பேசி வழியே தெரிவித்தார்கள். அச்சம் விலகியதும் பலர் பழைய வரிசைக்கே திரும்பிவிட்டார்கள்.

வரிசையில் என்ன குறை என்று கேட்கலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. இவ்வளவு மலிவு உலகில் அபூர்வம். ஆனால் நாம் செலவழிப்பது பணம் மட்டுமா? துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் பெரியவரை அழைத்துப்போக மகன் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேர உணவகத்தில் இரவு ஷிப்ட் முடித்த தம்பி, தூக்கத்தை விட்டுவிட்டுக் காலையில் போய் உட்கார வேண்டும். அதனால் போகாமலே விட்டுவிடுகிறார்கள்.

எந்த நோயை விடுகிறார்கள்? பெரும்பாலும் வலிக்காத நோயை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. இந்தியர்களாகிய நம்மிடம் அது அதிகம் என்பது தொடர்ந்து தெரிந்துவரும் செய்தி. இனிப்புநீர் முற்றும்வரை கண்ணைக் காட்டிக்கொடுக்காது. பார்வை மங்கிய பிறகு ஓடினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பாது. பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை அங்கே அன்றாடம் காண்கிறோம். நம் அலட்சியத்தால் அந்த வரிசையில் ஒருவர் கூடச் சேரக் கூடாது.

பெரியோர்களே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கை வைத்துப் பார்க்க வேண்டிய நோய்கள் உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, கடும் வயிற்றுவலி, குழந்தைக்கு வலிப்பு: இவற்றுக்குக் கைப்பேசியில் ஒரே பயன்தான், 999-ஐ அழைப்பது. ஆனால் வீட்டில் எடுத்த இரத்த அழுத்தக் கணக்கைக் காட்டுவது, பரிசோதனை முடிவுக்கு விளக்கம் கேட்பது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பேச்சே போதும். தொடர் மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவையை அரசாங்க மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகவே நடத்துகின்றன. நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

கைப்பேசி வைத்தியத்தை நம்பாத நாம், கைப்பேசியில் வரும் வைத்தியத்தை நம்புகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரோ பேசி அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிட்டு, இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தி, ஏதோ இலைச்சாற்றைக் குடிக்கிறோம். பேசியவர் யார், படித்தவரா என்று கேட்பதில்லை. பதிவு பெற்ற மருத்துவரா என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். ஊரிலுள்ள டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அவர் இங்கே பதிவு பெற்றவரல்ல, அவர் சீட்டை நம்பி இங்கே மருந்து வாங்க முடியாது.

இன்னொரு தயக்கம் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. நம் உம்மாமார்களுக்குச் சொந்தக் கைப்பேசி இருந்தாலும் அதை இயக்குவது பேரன். பேரன் பக்கத்தில் இருக்க, கூடம் முழுக்கக் கேட்க, ஓர் ஆண் டாக்டரிடம் தன் சிறுநீர்க் கோளாறை எந்தப் பாட்டி சொல்வார்? "எல்லாம் சுகம்தான் டாக்டர்" என்றுதான் சொல்வார். மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராதவருக்கு இது இரட்டைச் சுமை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தனியறை, பெண் மருத்துவர், தமிழ் பேசும் துணை, இந்த மூன்றையும் நோயாளி தயங்காமல் கேட்கலாம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. நம்மில் பலருக்குப் பூர்வீகமான தமிழ்நாட்டிலேயே அதைப் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள், பெரும்பாலும் அந்த வட்டாரத்தையே சேர்ந்தவர்கள், கருவியை வைத்துக் கண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். அறுவை வேண்டியவர் மட்டும் நகரத்துக்குப் போனால் போதும். அந்தத் திட்டம் நிலைத்ததற்குக் கருவி மட்டும் காரணமல்ல. நோயாளியின் பக்கத்தில் அவர் மொழி பேசும், அவர் நம்பும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம்மிடம் இல்லாதது அந்த ஆள்தான்.

அந்த ஆளைத் தரக்கூடிய இடம் சங்கமே. ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, சங்க அலுவலகத்தில் கதவு சாத்திய ஓர் அறை, ஓர் இரத்த அழுத்தக் கருவி, ஒரு திரை. இரண்டாவது, நம் பிள்ளைகளில் தாதியராகவும் மருந்தாளராகவும் இருப்பவர்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று, வாரம் சில மணி நேரம் துணை இருக்கட்டும். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதை அமானிதமாகக் கொள்ளட்டும். மூன்றாவது, உணவகத் தம்பிமார்கள் வரக்கூடிய நேரத்தில், பிற்பகலில், அந்த அறை திறந்திருக்கட்டும். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அரசாங்க மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டணமும் அதிகம், கேட்க ஆளும் குறைவு.

ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் மௌத்து வீட்டுக்கு முதலில் போய் நிற்கிறது. இனி நோயாளியின் பக்கத்திலும் முதலில் போய் உட்கார வேண்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.