பருத்த கால்கள்: தீனியா, நோயா?

(தோட்டத் தொழிலாளர் சங்க மாதர் பகுதிக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச இந்த மேடையில் ஆற்றல் மிக்கவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் கால். சிரிக்காதீர்கள். பால்மரத் தொழில் கைத்தொழில் என்பார்கள். உளி பிடிப்பது கைதான். ஆனால் விடியுமுன் பிரட்டுக்குப் போவதும், மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடப்பதும், பால் வாளியோடு ஸ்டோருக்குத் திரும்புவதும் கால் அல்லவா? அந்தக் கால் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், “உனக்கு உடம்பு பெருத்துப் போச்சு” என்று ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணை எத்தனை காலம் வாட்டும் என்பதை என் வீட்டிலேயே கண்டவள் நான்.

என் மூத்த அக்கா பால்மரம் வெட்டியவர். பெரியவளான வருஷத்திலிருந்தே அவருக்குக் கால்கள் பருக்கத் தொடங்கின. மேலுடம்பு மெலிந்த உடம்பு. இடுப்புக்குக் கீழே கணுக்கால் வரையில் இரண்டு கால்களும் தூண் போல இருக்கும். பாதமோ சின்னஞ்சிறு பாதம். சிறிய அளவுச் சப்பாத்தே அதற்குப் போதும். ஆனால் அந்தச் சப்பாத்தின் கழுத்துக்குள் கெண்டைக்கால் நுழையாது. அப்பா பழைய உளியை எடுத்துச் சப்பாத்தின் பின்புறத்தைக் கிழித்துக் கொடுத்தார். கிழிந்த வழியாக அட்டை ஏறியது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணானது. வாளி லேசாக இடித்தாலும் நீலம் பாய்ந்தது. சின்னப் பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறினால் அக்கா “ஐயோ” என்று கத்துவார். “செல்லம் கொஞ்சத் தெரியாதவள்” என்ற பெயரும் அதனால் வந்தது.

லயத்தில் அவருக்கு வைத்த பெயர் யானைக்காலி. 1972இல் ஓர் இரவு எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். யானைக்கால் நோய்ப் பூச்சியின் குஞ்சுகள் ரத்தத்தில் பெரும்பாலும் இரவிலேதான் உலவும்; அதனால்தான் அந்த இராக்காலச் சோதனை. நம் பக்கத்துப் பூச்சி ஒன்றுக்குப் பெயரே ‘புருகியா மலாயி’. மலாயாவின் பெயரைச் சுமக்கும் பூச்சி! அக்காவின் ரத்தத்தில் பூச்சி இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம். மருந்து கொடுப்பவர் என்ன சொன்னார்? “பூச்சி இல்லை என்றால் சோறுதான் காரணம். வாயைக் கட்டு” என்றார்.

அக்கா வாயைக் கட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் இரவுச் சோறு கிடையாது. கன்னம் ஒட்டியது, தோளெலும்பு துருத்தியது, இரண்டு முறை நிரையிலேயே மயங்கி விழுந்தார். கால் ஓர் அங்குலமும் குறையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சம்மதித்து, நடையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

பிறரை மட்டும் குறை சொல்ல நான் இங்கு வரவில்லை. பத்து வருஷம் கழித்து நானே தாதிப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்தேன். வந்து என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, இனிப்பைக் குறை, கொஞ்சம் நட” என்றேன். தினமும் நானூறு, ஐந்நூறு மரம் வெட்டுகிறவரைப் பார்த்து ‘நட’ என்றேன்! அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் மகள் தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறாள். அவளுக்கும் அதே கால். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் எழும்போது கால்கள் ஈயம் ஊற்றியதுபோல் கனக்கும் என்பாள். 2023இல் ஒரு டாக்டரம்மா அவள் காலைத் தொட்டுப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பிறகு, “உங்கள் அம்மாவுக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார். ஐம்பது வருஷமாக எங்கள் குடும்பத்தை யாரும் கேட்காத கேள்வி அது.

அந்த நோயின் பெயர் லிப்பெடீமா. கொழுப்பு வீக்கம் என்று பொருள் சொல்லலாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு டாக்டர்கள் 1940இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். அக்கா பிறக்கும் முன்பே இந்த நோய்க்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எங்கள் லயத்துக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம் பிடித்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்த நோய்க்கும் அதில் தனி எண் கிடைத்தது.

இது அநேகமாகப் பெண்களுக்கே வருவது. பருவம் அடையும்போதோ, பிள்ளைப் பேற்றின்போதோ, மாதவிலக்கு நிற்கும் வயதிலோ தலைகாட்டும் அல்லது கூடும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும். காரணம் முழுமையாக இன்னும் பிடிபடவில்லை. பெண்மைச் சுரப்பிகளுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள். சோறு அதிகம் தின்றதால் வந்த நோயல்ல இது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பே நோய்ப்பட்டு, வலியோடு பெருகுகிறது. சிலருக்குக் கைகளிலும் வரும்.

இதை அடையாளம் காண்பது எப்படி? இதற்கென்று தனியான ரத்தச் சோதனை கிடையாது. கண்ணும் கையும்தான் கருவி. முதலில் இரண்டு கால்களையும் சேர்த்துப் பாருங்கள். இந்த நோயில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி பருத்திருக்கும். அடுத்து கணுக்கால். கணுக்காலோடு பருமன் சட்டென்று நின்றுவிடும். காற்சட்டையின் அடியில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியதுபோல் ஒரு மடிப்பு தெரியும். அதற்குக் கீழே பாதம் சாதாரணமாக இருக்கும். தொட்டால், அமுக்கினால் வலிக்கும். காரணம் தெரியாமலே நீலம் பாயும். தோலை மெல்ல வருடிப் பார்த்தால் உள்ளே ஜவ்வரிசி போல, பட்டாணி போலக் கட்டிகள் தட்டுப்படும். நோய் முற்றினால் தோல் மேடு பள்ளமாகி, முழங்காலுக்கு மேல் சதை மடிந்து தொங்கும்.

யானைக்கால் இப்படி அல்ல. அது பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாக இருக்கும். பாதத்தையும் விரலையும் விடாது. தோல் தடித்துப் போகும். ஒரு சிறு சோதனை சொல்கிறேன், வீட்டில் செய்து பாருங்கள். காலின் இரண்டாம் விரல் அடியில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். மெல்லிய மடிப்பாக எழும்பினால் நல்லது. தோல் தடித்துக் கிள்ளவே வரவில்லை என்றால் நிணநீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். அது வேறு நோய். கொழுப்பு வீக்கம் பல வருஷம் முற்றியவர்களுக்கு இந்த நிணநீர்த் தேக்கமும் பின்னால் வந்து சேர்வதுண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லா வீக்கத்தையும் இந்தப் பெயரில் அடக்கிவிடாதீர்கள். ஒரே கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறைந்திருக்கலாம், அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரண்டு பாதமும் வீங்கி, கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்று, மூச்சும் வாங்கினால் இருதயத்தையோ சிறுநீரகத்தையோ பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கிளினிக்கில் நம் பெண்கள் தலையைக் குனிந்து “காக்கி சாக்கிட்” என்று மட்டும் சொல்லி, வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முழுவதும் சொல்லுங்கள்: “காக்கி சாயா சாக்கிட், மூடா லெபாம், தாப்பாக் காக்கி தாக் பெங்காக், மாக் சாயா பூன் மாச்சாம் இனி.” கால் வலிக்கிறது, எளிதில் நீலம் பாய்கிறது, பாதம் வீங்கவில்லை, என் தாய்க்கும் இப்படித்தான். இந்த நான்கும் டாக்டர் காதில் விழுந்தால் அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். லிப்பெடீமாவாக இருக்குமா என்று நீங்களே கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கேளுங்கள்.

சரி, நோய் இதுதான் என்று தெரிந்துவிட்டது. தீருமா? அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைக்கலாம், முற்றுவதைத் தாமதப்படுத்தலாம். அளவெடுத்துச் செய்த அழுத்தக் காலுறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் போட வேண்டும். நம் நாட்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நிற்பது எளிதென்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் அக்கா மகள் அழுதாள். இப்போது, போடாத நாளில்தான் கால் கனக்கிறது என்கிறாள். விலையும் குறைவல்ல. கண்ட கடையில் கிடைக்கும் இறுக்கமான காலுறையை வாங்கி மாட்டாதீர்கள். அது மடிப்பில் வெட்டும்.

தண்ணீருக்குள் நடப்பதும் நீந்துவதும் மிக நல்லது. மூட்டுக்குப் பாரம் இல்லை, தண்ணீரே காலை நாலு பக்கமும் அழுத்தும். தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைக் கடி, முள் கீறல் எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். எண்ணெய் தேய்த்து முறுக்கிப் பிழிகிற பிடி வேண்டவே வேண்டாம். இருக்கிற நீலம் போதாதென்று இன்னும் நீலம் பாயும். மெல்ல வருடுவதுதான் சுகம் தரும்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். பட்டினி கிடந்தால் இந்தக் கொழுப்பு கரையாது, அக்காவே சாட்சி. ஆயினும் மற்ற இடங்களில் எடை ஏறினால் வலி கூடும், முழங்கால் தேயும், சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரை நாளைக்கு நாலு முறை குடிப்பவர்கள் ஒன்றாகக் குறைக்கலாம். அதற்காகச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

‘மெலிய வைக்கும்’ காப்பித் தூள், மாத்திரை என்று கைத்தொலைபேசியில் விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கருதி 2010இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் இந்த நோய்க்கு உதவாது. அதையும் நான் ஒரு காலத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தவள்தான்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பலருக்கு வலி குறைகிறது. ஜெர்மனியில் 2020 முதல் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, அரசுக் காப்புறுதியே அதன் செலவை ஏற்கத் தொடங்கியது. ஆனால் அது நிபுணர்கள் செய்ய வேண்டிய காரியம். அழகுக் கடையில் மலிவாகச் செய்கிறோம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இனி சங்கத்துக்குரிய விஷயம். மேற்கு மலேசியத் தோட்டங்களுக்குப் பொருந்தும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் என்று ஆண்டுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். கால் நோய்க்கு டாக்டர் சீட்டுக் கொடுத்தால் அதுவும் நோய்தான். “இது சோம்பல்” என்று தண்டல் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2023 ஜனவரி முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேட்டு நிரையிலிருந்து சமதரை நிரைக்கு மாறக் கேட்பவர்கள் இதை முயன்று பாருங்கள். கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். கிராணிமார்களே, எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு அந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். ஒரு நகலைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.

சப்பாத்து விஷயத்தையும் விட்டுவிட மாட்டேன். வேலையிடப் பாதுகாப்புக்காக 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. சப்பாத்து வாங்கும்போது பாத அளவை மட்டும் எழுதிப் போகிறார்கள். கெண்டைக்கால் சுற்றளவையும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பெண்ணும் இனிமேல் உளியால் சப்பாத்தைக் கிழிக்கக் கூடாது.

அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகளுக்குச் சொன்ன நோய்தான் தனக்கும் என்று தெரிந்த அன்று, கோபிப்பார் என்று நினைத்தேன். “அப்போ நான் தின்னதால இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு வந்து என்னோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் ஆயாக்கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆண்கள் வெளியே தேத்தண்ணீர் குடிக்கட்டும். காலைக் காட்ட வேண்டியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள், தாயும் மகளுமாக வந்தால் இன்னும் நல்லது. அளவு நாடாவும், சப்பாத்து அளவு எழுத ஒரு நோட்டும் கொண்டு வந்திருக்கிறேன்.