தயக்கத்தின் வேரைத் தேடுவோம்: தடுப்பு மருந்துப் பரப்புரையை மதிப்பிடுவது எப்படி?

(மக்கள் நலவாழ்வு குறித்த கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தடுப்பு மருந்தை ஏற்கத் தயங்கும் மக்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று முத்திரை குத்துவது ஆட்சியாளர்களுக்கு எளிது. அந்த முத்திரை அரசின் பொறுப்பை மறைத்துவிடுகிறது. உத்தரப்பிரதேசத்தின் போலியோ ஒழிப்பு அனுபவம் இதற்குச் சான்று.

2002ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,600 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். ஏழை இஸ்லாமியக் குடும்பங்களின் குழந்தைகளே பெருமளவில் பாதிக்கப்பட்டனர். சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி அங்கு பரவியிருந்தது. அது பொய், ஆயினும் அதன் பின்னே ஒரு வரலாறு இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடையை ஏவியது இதே அரசு இயந்திரம்தான். அதை எதிர்த்த மக்கள்மீது 1976 அக்டோபரில் முசாபர்நகரில் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. அந்த நினைவு அடுத்த தலைமுறைக்கும் சென்றது.

மற்றொரு கேள்வியும் எழுந்தது. குடிநீர் இல்லை, காய்ச்சலுக்கு மருத்துவர் இல்லை. இந்தச் சொட்டு மருந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வாசலுக்கு வருகிறது? எந்தச் சுவரொட்டியும் இதற்கு விடையளிக்க முடியாது.

நிலைமை படிப்படியாகவே மாறியது. அந்தந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். பள்ளிவாசல்களிலிருந்து இமாம்கள் அழைப்பு விடுத்தனர். அலிகார், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்கள் துணை நின்றன. 2009இல் உத்தரப்பிரதேசம், பீகார் மாநிலங்களின் 107 வட்டாரங்களில் தூய குடிநீர், கழிப்பறை, வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவையும் சொட்டு மருந்துடன் இணைக்கப்பட்டன. 2010இல் மேம்பட்ட இருவகைச் சொட்டு மருந்து வந்தது. 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் கண்டறியப்பட்டதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27இல் போலியோ ஒழிப்புச் சான்று கிடைத்தது.

எனவே வெற்றி முழுவதையும் பரப்புரையின் கணக்கில் எழுதுவது தவறு. அச்சிட்ட துண்டறிக்கைகளையும் நடத்திய கூட்டங்களையும் எண்ணுவது மதிப்பீடு ஆகாது. போலியோ ஊழியர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் குறியிட்டனர்: எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்றிருந்தால் 'பி', விடுபட்டிருந்தால் 'எக்ஸ்'. விடுபட்டதன் காரணமும் பதிவாயிற்று. வீடு பூட்டியிருந்ததா, குழந்தை நோயுற்றிருந்ததா, குடும்பம் மறுத்ததா? பூட்டிய வீட்டுக்குத் தேவை மறுவருகை; அதற்குப் பிரச்சாரம் பயன்படாது. மறுத்த வீடு அடுத்த சுற்றில் ஏற்றதா, யார் பேசியபின் ஏற்றது, அந்தக் குடும்பம் கேட்ட குடிநீர் வந்ததா என்பவையே மதிப்பீட்டின் கேள்விகள்.

இன்று அந்த நம்பிக்கையை வாசல்தோறும் சுமப்பவர்கள் ஆஷா ஊழியர்கள். அவர்களைத் தன்னார்வலர்கள் என்று கூறி ஊதியத்தை மறுக்கிறது அரசு. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றக் கோரும் போராட்டம் பொது சுகாதாரத்துக்கான போராட்டமே. தயங்கும் குடும்பத்தின் கேள்வியைப் பொறுமையுடன் கேட்பதும், அந்தக் கேள்வியை அரசின் முன் வைப்பதும் ஒவ்வொரு கிளையின் கடமையாகும்.