கடல் தாண்டினால் நின்றுபோகும் பஞ்சப்படி



தலைப்பைச் சொன்னதும், "பிரிட்டிஷ்காரன் பென்ஷனைப் பத்தி நமக்கு என்னய்யா?" என்று விழாக்குழு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். வளைகுடாவில் என்னுடன் வேலை பார்க்கும் இஞ்சினியர்களில் பிரிட்டிஷ்காரர்கள் நிறைய. டீ நேரத்தில் கால்பந்தை விட்டால் அவர்களுக்குப் பேச்சு பென்ஷன்தான். கேட்கக் கேட்க, இதில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்டனில் சம்பளத்திலிருந்து நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி, பொதுவாக 35 வருஷம் கட்டியிருந்தால் முழு ஸ்டேட் பென்ஷன். 10 வருஷம்கூட இல்லையென்றால் ஒன்றுமே கிடையாது. விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் பென்ஷன் ஏறும். 'டிரிபிள் லாக்' என்று பெயர், 2011-லிருந்து நடக்கிறது. 2022-ல் மட்டும் சம்பளக் கணக்கை விட்டுவிட்டார்கள். நம் ஊர் பஞ்சப்படி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெளிநாட்டில் குடியேறிய பென்ஷன்தாரருக்கு இந்த உயர்வு கிடைக்குமா? அது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் என்றால் கிடைக்கும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்றால் கிடைக்காது. அங்கே போன அன்று என்ன தொகையோ, சாகும் வரை அதேதான். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மேற்கிந்திய அணியில் ஜமைக்காவுக்கும் பார்படோஸுக்கும் உயர்வு உண்டு, டிரினிடாடுக்குக் கிடையாது. யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 2016-ல் இரண்டு நண்பர்கள் ரிட்டயர் ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வாரம் 155.65 பவுண்டு முழுப் பென்ஷன். ஒருவர் நயாகராவுக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவில் வீடு பார்த்தார், மற்றவர் அந்தப் பக்கம் கனடாவில். 2025-26-ல் அமெரிக்காக்காரருக்கு வாரம் 230.25 பவுண்டு. கனடாக்காரருக்கு அதே 155.65. வருஷத்துக்கு 3,879 பவுண்டு வித்தியாசம். அதுவும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடிக்கொண்டே போகும். இன்னொரு வேடிக்கை: கனடாக்காரர் பேரனைப் பார்க்க லண்டன் வந்தால், தங்கியிருக்கும் நாட்களுக்கு மட்டும் புதிய தொகை உண்டு. விமானம் ஏறியதும் மறுபடி பழைய தொகை!

கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பார்களா? போனார்கள். 1989-ல் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற பெண்மணி, அங்கிருந்தபடியே பணம் கட்டி வந்தவர். 2000-ல் அவருடைய அடிப்படைப் பென்ஷன் 67.50 பவுண்டு என்று நிர்ணயமாகி, அங்கேயே உறைந்தது. பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் 2005-ல் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2010-ல் பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் மறுபடி தோற்றார். உள்நாட்டில் வசிப்பவரையும் வெளிநாட்டில் வசிப்பவரையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட முடியாது என்பது தீர்ப்பு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பணத்தைப் பிடிக்கும்போது 'எந்த ஊரில் சாகப் போகிறாய்?' என்று கேட்டா பிடித்தார்கள்? ஆஸ்திரேலிய அரசுக்கே இதில் கோபம் வந்து, 2001-ல் பிரிட்டனோடு இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது.

வரி விஷயமும் சும்மா இல்லை. 2015 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டில் இருப்பவர் பிரிட்டனில் உள்ள வீட்டை விற்றாலும் லாபத்துக்கு வரி. தனியார் பென்ஷன் நிதியை வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றினால், 2017 மார்ச்சிலிருந்து பல சமயங்களில் 25 சதவீதம் போய்விடும். வாரிசு வரியில் மட்டும் கொஞ்சம் நல்ல காலம். முன்பு துபாயில் முப்பது வருஷம் இருந்தாலும் 'பூர்வீகம் பிரிட்டன்' என்று சொல்லி உலகச் சொத்து முழுவதற்கும் 40 சதவீதம் கேட்க வழி இருந்தது. 2025 ஏப்ரல் 6 முதல் பூர்வீகம் போய், வசிப்பிடம் வந்துவிட்டது. தொடர்ந்து பத்து வருஷம் வெளியே இருந்தவருக்கு, பொதுவாக பிரிட்டனில் உள்ள சொத்துக்கு மட்டும்தான் அந்த வரி.

இப்போது நம்மவர்கள் கதை. பென்ஷன் உறைவதற்குப் பாஸ்போர்ட் கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. அங்கே இருபது, முப்பது வருஷம் ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ உழைத்து, பென்ஷனோடு கோயமுத்தூர் திரும்பி வரும் நம்ம சீனியருக்கும் அதே கதிதான். வீடு கட்டும் முன்பே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஐந்தாறு வருஷம் ஆன்சைட்டில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு. மூன்று வருஷம் அங்கே இருந்தவரே ஊரிலிருந்து சொந்தமாகப் பணம் கட்டி, விட்டுப்போன வருஷங்களைச் சேர்க்க ஒரு வசதி இருந்தது. அங்கிருந்து கிளம்புமுன் வேலையில் இருந்து, வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்களுக்கு 2025-26-ல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் வாரம் மூன்றரை பவுண்டு, வருஷத்துக்கு 182. ஒரு வருஷம் கட்டினால் பென்ஷனில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்குச் சுமார் 342 பவுண்டு, ஆயுள் முழுக்க. இதைவிட நல்ல முதலீட்டை நான் பார்த்ததில்லை. அரசாங்கமும் அதைக் கவனித்துவிட்டது! 2025 நவம்பர் பட்ஜெட்டில், வெளிநாட்டிலிருந்து இந்த மலிவு வகுப்பில் கட்டுவதை 2026 ஏப்ரல் 6 முதல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். மிச்சமிருப்பது மூன்றாம் வகுப்பு. 2025-26 விலைப்படி அது வருஷத்துக்கு 923 பவுண்டு. அதுவும் மூன்று வருஷப் பென்ஷனில் திரும்பிவிடும். ஆனால் புதிதாக விண்ணப்பிப்பவர் பத்து வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்டியிருக்க வேண்டும். ஐந்து வருஷ ஆன்சைட்காரருக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர்கள், நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் இருக்கிற அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுங்கள். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் எத்தனை வருஷம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கால்குலேட்டர் கையில் இருக்கிறது.