சிங்கிக்கு பத்து நிமிஷமா?

மேலகரத்துச் சொந்தங்களே! ஆயிரம் பேர்... இல்ல, ரெண்டாயிரம் பேர் இருப்பீங்க. இந்தச் சாரல்லயும் ஒருத்தர்கூட எந்திரிக்கல.

எனக்குக் குடுத்த தலைப்பு ‘திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்வும் வாக்கும்’. அது கெடக்கட்டும். இப்ப ஒரு பையனும் பொண்ணும் கவிராயர் எழுதின குற்றாலக் குறவஞ்சியில சிங்கன் - சிங்கி பாட்டைப் பாடினாங்களே, அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?

சிங்கி கால்ல பாம்பு சுத்திக் கெடக்கேன்னு பையன் பதறுதான். ஆர்மோனியம் நிக்குது. அந்தப் பொண்ணு அவசரப்படலையே! புடவைக் கரையை லேசாத் தூக்கி, சிலம்பை ஒருதரம் தரையில தட்டி, சத்தம் அடங்கினப்புறம்தான் பதிலை எடுத்தா. அது பாம்பில்லையாம், சேலத்துப் பக்கம் குறி சொல்லிச் சம்பாதிச்ச சிலம்பாம்! புருஷன் சந்தேகத்தோட கேக்கான். பொஞ்சாதி கால்ல இருந்து மேல, நகை நகையா வரவுக் கணக்கு சொல்லுதா. தாய்மார்களே, நீங்க கை தட்டினது பாட்டுக்கா, கணக்குக்கா?

இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா எந்திரிச்சுப் போயிருவார். அந்தத் தூணுக்குப் பின்னால உக்காந்திருக்கார். அவருக்கு ஒருதரம் கை தட்டுங்க!

ரெண்டு குரல் பாட்டுன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. பிரான்ஸ் நாட்டுல தெலிப்னு ஒருத்தர், 1883-ல பாரிஸ்ல ‘லக்மே’ன்னு ஒரு ஆப்பரா போட்டார். கதை நம்ம நாட்டுல நடக்கு. லக்மேயும் அவ பணிப்பொண்ணு மல்லிகாவும் ஆத்தங்கரைப் பூவைப் பாடிக்கிட்டே போறாங்க. விமானக் கம்பெனி விளம்பரத்துல கேட்டிருப்பீங்க. நல்ல பாட்டு, குறை சொல்ல மாட்டேன். உலகம் பூரா பாடுதாங்க. ஆனா அதுக்கு நூத்தம்பது வருஷம் முன்னாலயே நம்மாளு ராகம், தாளம் போட்டு ஒரு முழு நாடகமே எழுதி முடிச்சுட்டாரே! மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதுக்காக நிலமே எழுதி வச்சார். ‘குறவஞ்சி மேடு’ன்னு பேரு. அந்தப் பாரிஸ் பாட்டுல ரெண்டு குரலும் இழைஞ்சு போகும். கவிராயர் ரெண்டு குரலையும் மோத விடுதார். அவன் ஏறினா இவ இறங்க மாட்டா. சேர்ந்து பாடுறது ஒரு வித்தைன்னா, சண்டை போட்டுக்கிட்டே சுருதி தப்பாமப் பாடுறது அதுக்கு மேல.

சென்னையில ருக்மிணி தேவி அம்மா 1944-ல கலாக்ஷேத்திராவுல குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாவே போட்டாங்க. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்துலயே குடியிருந்து, வந்தவங்களையெல்லாம் உக்கார வச்சு கவிராயர் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசிக்க வச்சார்.

ஆனா குற்றாலச் சீசன்ல ஒரு விழா. எந்த விழான்னு கேக்காதீங்க. இதே பிள்ளைகளுக்கு பத்து நிமிஷம் குடுத்தாங்க. அதுலயும் பாட்டு கால்ல ஆரம்பிச்சு கழுத்துக்கு வருமுன்ன மைக்கைப் புடுங்கிட்டாங்க. ஏன்னா, சினிமா டூயட் பாட ஆள் வந்தாச்சாம்! அண்ணாச்சி, சினிமாப் பாட்டு எனக்கும் பிடிக்கும். டீக்கடையில நின்னு கேப்பேன். அதுக்காக, சிங்கி பிறந்த ஊர்ல சிங்கியையா இறக்கி விடுறது? புடுங்கினவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். சிரிக்காதீங்க, வழக்குப் போட்டுருவாங்க! அன்னைக்கு அந்தத் தூணுக்குப் பின்னால இருக்காரே, அவர் ஒரு வார்த்தை பேசல. ஆர்மோனியத்தை மூடிக்கிட்டு பஸ் ஏறிட்டார். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அடுத்த சாரலுக்கு, கட்டியக்காரன் வரவுல இருந்து சிங்கனும் சிங்கியும் சேருற வரைக்கும், நாயகி வசந்தவல்லி பந்தடிக்கிறது, மலைவளம், குறி, பறவை பிடிக்கிறது, ஒண்ணுவிடாம இந்த ஊர்ல ராத்திரி பூரா நடக்கணும். தென்காசி வியாபாரிமார்களே, பந்தல் உங்க பொறுப்பு. மேலகரத்துக்காரங்களே, சாப்பாடு உங்க பொறுப்பு. முதல் ஆயிரம் ரூபா என்னோடது, இந்தா வச்சிட்டேன். எவனாவது மைக்கைப் புடுங்க வந்தா நான் பேச மாட்டேன். சிங்கி பேசுவா!