நாற்காலியா, நர்சா?



ஆட்சி என்றால் என்ன என்று கேட்டால் கொடி என்பர் சிலர், கோட்டை என்பர் சிலர். நான் கூறுகிறேன்: ஊர்ப்புறத்து மருத்துவமனையொன்றில் இரவெல்லாம் விழித்திருக்க ஒரு நர்சை அமர்த்தும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அவரிடந்தான் ஆட்சி இருக்கிறது. உத்தியோகத்தை உண்டாக்கும் உரிமை! அதைப் பற்றிப் பேசத்தான் கடல் கடந்து, கென்யா நாட்டுக்கு உங்களை அழைக்கிறேன்.

1963-ல் வெள்ளையரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. விடுதலையின்போது மாகாணங்களுக்குத் தரப்பட்ட உரிமைகள் விரைவிலேயே பறிக்கப்பட்டன. அதிகாரம் அனைத்தும் நைரோபியில் குவிந்தது. குவித்து வைத்ததைப் பிரித்தெடுக்க அந்த மக்களுக்கு 2010 வரை ஆயிற்று. அந்த ஆண்டு மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய அரசியல் சட்டம் நாட்டை 47 கவுண்டிகளாக வகுத்தது. 2013-ல் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மன்றம், ஒரு கவர்னர். கவர்னர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள்! தலைநகரம் அனுப்பி வைத்தவர் அல்லர், மக்கள் தேர்ந்தெடுத்தவர்.

நாட்டு வருவாயில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் கவுண்டிகளுக்குத் தந்தாக வேண்டும். கருணையன்று, சட்டம். ஆனால் தணிக்கை முடிந்து பாராளுமன்றம் ஏற்ற கடைசிக் கணக்கைக் கொண்டுதான் அந்தப் பங்கு அளக்கப்படும். கணக்கு பழையதானால் பங்கும் பழையது! கொடுக்கிற கை எந்த நாட்டிலும் கெட்டிக்காரக் கைதான்.

அந்த அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவு, பாராளுமன்றம் வகுக்கும் பொது விதிகளுக்கு உட்பட்டு, பதவிகளை உண்டாக்கவும் ஒழிக்கவும் ஆட்களை அமர்த்தவும் கவுண்டிக்கே உரிமை தருகிறது. மருத்துவமனை, மழலையர் பள்ளி, உழவுத்துறை எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. ஏப்ரல் 30-க்குள் வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வரவேண்டும். ஜூலை முதல் நாள் ஆண்டு பிறக்கிறது.

உரிமை தந்தாயிற்று. கூடவே ஒரு கடிவாளம்: மொத்த வருவாயில் 35 விழுக்காட்டுக்கு மேல் சம்பளத்துக்குச் செலவிடலாகாது என்று 2015-ல் விதி. வளர்ச்சிப் பணிக்கோ 30 விழுக்காடாவது ஒதுக்கியாக வேண்டும். நியாயந்தானே என்பீர்கள். நாடகம் எழுதுபவன் நான். கற்பனையாக ஒரு காட்சி காட்டுகிறேன், பாருங்கள்.

உறுப்பினர்: என் வட்டத்து மருத்துவமனையில் கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, நர்சு இல்லை.

நிதிப் பொறுப்பாளர்: சம்பளக் கணக்கு 35-ஐ எட்டிவிட்டது. வேண்டுமானால் இன்னொரு கட்டடம் தருகிறோம்.

உறுப்பினர்: கவர்னர் மாளிகைக்கு இரண்டு ஆலோசகர் பதவி கேட்டிருக்கிறீர்களே?

நிதிப் பொறுப்பாளர்: அவை அவசியமானவை.

உறுப்பினர்: எவருக்கு?

சிரிக்கிறீர்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்! சுவர் எழுப்பினால் வளர்ச்சி. சுவருக்குள் பிள்ளைத்தாய்ச்சியைக் காப்பவளை அமர்த்தினால் செலவு. செங்கல்லுக்கு ஒரு கணக்கு, செவிலிக்கு வேறு கணக்கு! காலியிடம் ஒன்றே இருக்கும்போது அதில் கட்சிக்காரரை அமர்த்துவதா, கைராசிக்காரியை அமர்த்துவதா என்பதில்தான் மன்றத்தின் மானம் இருக்கிறது.

விளைவு என்ன தெரியுமா? 2013-ல் மைய அரசு கையொப்பமிட்ட ஊதிய ஒப்பந்தம் நிறைவேறவில்லையென்று 2016 டிசம்பர் 5-ல் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். நூறு நாள் நீடித்தது. சங்கத் தலைவர்கள் சிறை சென்றனர். ஒப்பந்தம் போட்டது மையம். சம்பளம் தரவேண்டியது கவுண்டி. இருவருக்கும் இடையே நின்றவன் நோயாளி. 2017-ல் நர்சுகளின் வேலைநிறுத்தம் அதைவிட நீண்டது. கடமையைக் கீழே தள்ளிக் கருவூலச் சாவியை மேலே வைத்துக்கொண்டால் வேறென்ன நடக்கும்?

ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து ஆசையோடு எடுத்துக்கொள்வேன். 2012-ல் இயற்றிய கவுண்டி ஆட்சிச் சட்டம், ஆட்களைத் தேர்வு செய்கையில், தொடக்கநிலைப் பதவிகளில் நூற்றுக்கு முப்பதாவது அந்தக் கவுண்டியின் பெரும்பான்மை இனத்தைச் சேராதவர்க்குச் செல்வதைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. வகுப்புரிமைக்கு வாதாடி வளர்ந்த நமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். மாநில சுயாட்சிக்காக 1969-ல் இராசமன்னார் குழு அமைத்தோம். 1974-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினோம். டில்லியை நோக்கிக் கேட்கிறோம், இன்றும் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியவை என 29 துறைகளைப் பட்டியலிட்டு, அவற்றை வழங்கும் முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டிருக்கிறது. நம் கையில்! கோட்டையைப் பார்த்து ஓர் ஊராட்சித் தலைவர், "டில்லியிடம் நீங்கள் கேட்பதை உங்களிடம் நான் கேட்கிறேன், எனக்கொரு நர்சை அமர்த்திக்கொள்ளும் உரிமை உண்டா?" என்றால், விடை தேட நாம் கூரையைப் பார்க்கலாமா?

மன்றங்களில் அமர்ந்திருப்போரும் அமரப்போவோரும் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை வரவு செலவுத் திட்டம் கைக்கு வந்ததும் பாலத்தையும் பூங்காவையும் பிறகு பாருங்கள். பணியிடப் பட்டியலை முதலில் புரட்டுங்கள். எந்தப் பதவி எத்தனை ஆண்டாகக் காலி, எந்தப் பதவி எவருக்காகப் புதிதாய் முளைத்தது என்று எழுந்து கேளுங்கள். நம் கட்சி ஆளும் மன்றமானால், இன்னும் சற்று உரக்கவே கேளுங்கள்.