கழித்த செடியும் கிடைத்த பதக்கமும்

மேல்நாட்டுத் தோட்டங்களில் தாடி ஐரிஸ் என்னும் பூச்செடியை வளர்க்கின்றனர். பூவின் தொங்கும் இதழ்கள் மூன்றிலும் தாடிபோன்ற மயிர்வரிசை உண்டு. சில செடிகளில் அத்தாடியின் நுனி கொம்பாகவோ கரண்டியாகவோ நீண்டது. விகாரமெனக் கருதிப் பலர் அவற்றைக் கழித்தனர். கலிபோர்னியாவில் லாயிட் ஆஸ்டின் அவற்றைப் போற்றி, கொம்புடைய ‘யூனிகார்ன்’ வகையை 1954-இல் வெளியிட்டார்.

ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் தடவி விதை பெறுகின்றனர். அவ்விதை முளைத்துப் பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். விரும்பிய பூ தோன்றினால் கிழங்கைப் பிரித்து நடுவர். விதை அதே பூவைத் தராது. இவ்வழியில் மான்டி பையர்ஸ் உருவாக்கிய ‘தார்ன்பேர்ட்’ 1997-இல் அமெரிக்க டைக்ஸ் பதக்கம் பெற்றது.

நாம் வேண்டுவது ஒன்றே: நோயின்றி வேறுபட்டு வளரும் செடியைக் கண்டவுடன் பிடுங்கற்க. அடையாளமிட்டு, அதன் பலனைக் கண்டபின் முடிவு செய்வோம்.